பலா மரத்துக்கு மேற்கே

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் இறங்கும்போது மைத்துனருக்குத் தலைசுற்றல், எனக்கு ஆசை. ஓய்வுபெற்ற கையில் நாலு காசு இருந்தால் மலையில் ஒரு மிளகுத் தோட்டம் வேண்டும் என்று மனசு கேட்கிறது. இரண்டு ஏக்கர், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடி, நடுவே கட்டப்போகும் ஓட்டு வீடு. தரகர் செல்போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தே இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வீட்டில் அந்தப் பேச்சு இன்றும் ஓயவில்லை.

கையில் 30 வருட வில்லங்கச் சான்று, சுத்தமாக இருந்தது. என்னைப் போன்ற கீழ்நாட்டுக்காரன் ஏமாறுவது இங்கேதான். பதிவு அலுவலகத்துக்கு வந்த பத்திரம்தான் வில்லங்கத்தில் தெரியும். பெரியவர்கள் உட்கார்ந்து, பலா மரத்துக்கு மேற்கே மூத்தவனுக்கு, கிழக்கே இளையவனுக்கு என்று வாய்மொழியாகப் பிரித்த பாகம் அதில் வராது. சிட்டாவை எடுத்தால் கூட்டுப் பட்டா, ஐந்து பெயர்கள். விற்பவர் அதில் மூன்றாமவர். "மத்தவங்க கையெழுத்து ஒரே வாரத்துல வாங்கிடலாம் சார்" என்றார் தரகர்.

புல வரைபடத்தில் நேர்கோடாக இருந்த எல்லை, தரையில் உண்ணிச்செடிப் புதருக்குள் போய்க் காணாமல் போனது. மைத்துனர் கொடுவாளோடு அரை மணி நேரம் தேடியும் சர்வே கல் கிடைக்கவில்லை. கிடைத்தது, ஊற்றில் குடத்தோடு நின்ற ஒரு பாட்டி. பலா மரத்தைக் காட்டினார். அதில் மிளகுக் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பட்டையைக் கவ்வியிருந்தது.

"மரம் எங்க கொழுந்தனாரோடதுங்க. கொடி நான் நட்டது. விக்கிறாங்களா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

தரகர் அப்போதுதான் யாருக்கோ போன் செய்யக் கொஞ்சம் தள்ளிப் போனார்.

ராசிபுரம் வந்ததும் பழைய கிராம நிர்வாக அலுவலர் ஒருவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் கேட்டதெல்லாம் எனக்குத் தோன்றாத கேள்விகள். விற்பவர் மலையாளி பழங்குடியா? அப்படியானால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குத் தானாகப் பொருந்தாது, யாருக்கு என்ன பங்கு என்பதற்கு அவர்கள் வழக்கத்தைக் கேட்க வேண்டும். அரசு ஒப்படை செய்த நிலமா? அப்படியானால் நிபந்தனை என்ன? அ-பதிவேடு பார்த்தாயா? மலையிடப் பாதுகாப்பு விதிகள் இருக்கும் ஊரில் வீடு கட்ட அனுமதி யாரிடம் கேட்பாய்? நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, எல்லாம் நேராகி வாங்கியே விட்டேன் என்று வையுங்கள். கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் மிளகைப் பறித்தாக வேண்டும், விட்டால் உதிரும். ஆள் கூப்பிட்டு, காயவைத்து, எடை போட்டு, காவல் காத்து... நாமக்கல்லில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு நான் எதைப் பார்ப்பேன்? பாட்டிதான் பார்ப்பார். அப்புறம் அது யார் தோட்டம்?

மறுபடி ஒருமுறை மலையேறி, வேண்டாம் என்று சொன்னோம். அன்று சோளக்காடு சந்தையில் இரண்டு கிலோ மிளகு வாங்கினேன். அட்வான்ஸ் திரும்பிவர ஏழு மாதம் ஆனது. இரண்டாயிரம் குறைந்திருந்தது, தரகரின் அலைச்சல் செலவாம்.