சுங்கம் தவிர்த்த சோழன் நாட்டிலே...

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்ப்பார்கள். தலையாட்டி பொம்மை வாங்குவார்கள். கும்பகோணத்தில் காப்பி சாப்பிட்டுவிட்டு ரயிலேறுவார்கள். அடுத்த தடவை நீங்கள் போனால் கடற்கரையோரமாக ஒரு நாள் பிரயாணம் செய்து பாருங்கள். பூம்புகாரில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் முடியட்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காவிரி பாய்ந்த நெல் வயல். ஆனால் இன்று நான் உங்களுக்குக் காட்டப் போவது நெல்லை அல்ல, சுங்கத்தை!

"சுங்கம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். உங்கள் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். அடுத்த கல்யாணத்துக்கு அவர்கள் பெட்டியோடு வந்து இறங்கும்போது விஷயம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

பூம்புகாரிலிருந்தே ஆரம்பிப்போம். அங்கே இறங்கிய சரக்குகளுக்குப் புலி முத்திரை இட்டுச் சுங்கம் வாங்கினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. 1070-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கி, "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பேர் வாங்கினான். அவனுக்குப் பிறகு அந்தப் பட்டத்துக்கு யாரும் போட்டி போட்டதாகத் தெரியவில்லை!

சற்றுத் தெற்கே தரங்கம்பாடி. 1620-ல் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டை வாசலில் இன்று உங்கள் பையை யாரும் சோதிப்பதில்லை.

அடுத்த ஊரான காரைக்காலில் அப்படி இல்லை. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937-ல் சேலத்தில் தொடங்கி 1948-ல் எங்கும் பரவியது. காரைக்காலிலோ மது தாராளம். 1949-ல் பிரெஞ்சு இந்தியாவுடன் இருந்த சுங்க உடன்பாடும் முடிந்தது. வயல் வரப்பைத் தாண்டினால் வேறு தேசம்! 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் நம்மோடு சேர்ந்தது. தேசத்தின் எல்லை போயிற்று.

ஆனால் மதுவின் எல்லை போகவில்லை. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே மதுவுக்கு வரி வேறு, விலை வேறு. வாஞ்சூரிலும் நண்டலாற்றிலும் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. திருநள்ளாற்றில் சனீசுவரனைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறவர், "மலிவாயிற்றே" என்று ரம் பாட்டிலைத் துணி மூட்டைக்குள் செருகினால், அனுமதியில்லாமல் கொண்டுவந்த குற்றத்துக்குத் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. சனி விலகினாரோ இல்லையோ, போலீஸ் விலகாது!

நாகூர் தர்காவைத் தாண்டினால் நாகப்பட்டினம். இங்கிருந்துதான் "ரஜூலா" கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். பிரயாணிகள் படகில் கரை சேர்வார்கள். தகரப் பெட்டியும் தைலப் புட்டியும் பட்டுத் துணியுமாக வந்தவர்களை முதலில் வரவேற்றது சொந்தக்காரர்கள் அல்ல, சுங்க அதிகாரிகள்தான். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி இங்கிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் விடத் தொடங்கினார்கள். இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. யாழ்ப்பாணச் சுருட்டின் மணம் உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். வாங்கி வரச் சொல்லாமல் இருப்பாரா?

ஆகவே கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2016-ஆம் வருஷத்துப் பயணச் சாமான் விதிகளில், சலுகைக்குள் ஒருவர் கொண்டு வரக்கூடிய சுருட்டு 25 என்று இருந்தது. அதற்குப் பதில் சிகரெட் என்றால் 100; புகையிலை என்றால் 125 கிராம். மூன்றில் ஒன்றுதான், மூன்றும் அல்ல. ரம்மோ வேறு மதுவோ 2 லிட்டர். இவற்றின் விலையும் மொத்தச் சலுகைத் தொகைக்குள் அடங்க வேண்டும். அந்தத் தொகை 2016-ல் 50,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. இத்தகைய வரம்புகள் அவ்வப்போது மாறும். புறப்படுமுன் சுங்க இலாகாவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

"என் பங்கு பாக்கி இருக்கிறதே, அவர் சாமானுக்கு அதையும் சேர்த்துக்கொள்ளலாமே?" என்று சில சகோதரிகள் கேட்பார்கள். கூடாது. கணவன் மனைவியானாலும் ஒருவர் சலுகையை மற்றவர் சலுகையோடு கூட்ட முடியாது. தாலிகட்டு வேறு, சுங்கக் கணக்கு வேறு!

வெளிநாடு போகும்போது நல்ல நகைகளை அணிந்து போகிறீர்களா? புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது என் அம்மா போட்ட சங்கிலி" என்று கண்ணீர் விட வேண்டியிராது.

இப்போது நம் டெல்டாவின் துறைமுகம் திருச்சி விமான நிலையம்தான். மன்னார்குடிக்காரரும் முத்துப்பேட்டைக்காரரும் அங்கேதான் இறங்குகிறார்கள். வாசலில் இரண்டு வழிகள்: வரி கட்ட வேண்டிய சாமான் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அளவுக்கு மேல் இருந்தால் தயங்காமல் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னவர் வரி கட்டி எடுத்து வரலாம். வேண்டாமென்றால், 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டப்படி, பொருளை அதிகாரிகளிடம் ஒப்படைத்து, மறுபடி வெளிநாடு போகும்போது திரும்பப் பெறக் கேட்கலாம். ஒளித்தவருக்கோ பொருளும் போகும், அபராதமும் வரும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. "ஊருக்குத்தானே போகிறாய், இந்தப் பொட்டலத்தையும் எடுத்துப் போ, டிக்கெட் செலவு என்னுடையது" என்று சொல்லும் தயாள குணம் படைத்தவர்கள் அங்கே உண்டு. இப்படிச் சுமந்து வருகிறவர்களுக்குப் பேச்சு வழக்கில் "குருவி" என்று பேர். பொட்டலத்துக்குள் சுருட்டா, தங்கமா, அதைவிடப் பயங்கரமானதா என்று குருவிக்குத் தெரியாது. அகப்பட்டால், கொடுத்தவர் அக்கரையில் சௌக்கியமாக இருப்பார். அகப்பட்டவன் உங்கள் பிள்ளை.

ஆகவே அடுத்த தடவை தொலைபேசியில் பேசும்போது, "என்ன வாங்கி வருகிறாய்?" என்று கேட்பதற்கு முன்னால், "யார் கொடுத்ததையும் வாங்கி வராதே" என்று சொல்லி வையுங்கள். தாத்தாவுக்குச் சுருட்டு ஒன்றிரண்டு குறைந்தால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், பேரன் நேரே வீடு வந்து சேர்வது அதைவிடப் பெரிதல்லவா?