ஓதம் ஏறிய சுவர்

2024 அக்டோபர் 6, ஞாயிறு. கும்மிடிப்பூண்டி

கரண்ட் வேலை பார்க்கிற தம்பி, சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் தள்ளி வெறும் சுவரில் டெஸ்டரை வைத்தார். உள்ளே சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்னும் கீழே, மகளின் பாய் விரிக்கிற மட்டத்தில் வைத்தார். அங்கேயும் எரிந்தது.

"அக்கா, பாப்பாவை இந்தப் பக்கம் படுக்க வைக்காதீங்க."

முந்தாநாள் ராத்திரி அவள் சுவர்ப் பக்கம் புரண்டு கை பட்டதும் விருட்டென்று எழுந்து, "அம்மா, சுவர் கடிக்குது" என்றாள். தூக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்தேன். அதே சுவர் ஓரத்தில்தான் தூங்க வைத்தேன். அதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

மாடிக்குப் போய்ப் பார்த்தோம். தட்டோடு பெயர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. சிப்காட் உருக்காலைகளிலிருந்து வருகிற கருந்தூசி மழைநீர்க் குழாயின் வாயில் அப்பி அடைத்து, தண்ணீர் வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. தேங்கிய தண்ணீர் காங்கிரீட்டில் இறங்கி, சுவருக்குள் வயர் போகிற பைப்பைப் பிடித்துக்கொண்டு கீழே வருகிறது. வயரின் மேலுறை விறைத்து வெடித்திருக்கிறது. எர்த் பெயருக்குத்தான். "இந்த லைனை மட்டும் கழற்றி விடுறேன். முழுசா மாத்தினாத்தான் தீரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலரை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. மாடி ஒழுகுகிறது என்று முதலில் சொன்னது 2022-இல். தீபாவளி கழியட்டும் என்றார் வீட்டுக்காரர். பிறகு பொங்கல் கழியட்டும் என்றார். மிக்ஜாம் புயலில் ஹால் சுவர் முழுக்க ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்தது. மகளுக்கு வீசிங் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எல்லாமே வாய்ப்பேச்சாகவே போனது. நான் சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட சாட்சி கிடையாது.

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜை. ராத்திரி எட்டரை மணி வாக்கில் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதிவிட்டது. விடிய விடிய ஆம்புலன்ஸ் சத்தம். உயிர் போகவில்லை என்று காலையில் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

இன்று வீட்டுக்காரரிடம் சுவரைப் பற்றிச் சொன்னேன். "ஊரே ரயிலைப் பார்க்க ஓடுது, நீ சுவரைப் பத்திப் பேசறியேம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களின் ஆபத்துக்கு முறை வருவதே இல்லை. ஊரில் எப்போதும் அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ரெட் அலர்ட். பள்ளி விடுமுறை. விடியற்காலை நாலு மணிக்குச் சமையலறைக் கூரையிலிருந்து சோற்றுத்தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அடுப்பு மேடை மேல் விழுந்தது. மேலே இரண்டு கம்பிகள் துருவேறி, உப்பி, செதில் செதிலாகத் தெரிகின்றன. துரு ஏற ஏறக் கம்பி பருத்து, சுற்றியிருக்கிற காங்கிரீட்டைத் தானே தள்ளி உடைக்கும் என்று கொத்தனார்கள் சொல்வார்கள்.

திருவொற்றியூர் நினைவுக்கு வந்தது. 2021 டிசம்பர் 27 அன்று அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடியில் 24 வீடுகள் அப்படியே சரிந்தன. விரிசலைக் கண்டதும் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டதால் ஒருவரும் சாகவில்லை. கண்ணில் பட்டதை உடனே உரக்கச் சொன்னதுதான் அன்று அத்தனை பேரைக் காப்பாற்றியது. நான் இரண்டு வருஷமாகத் தணிந்த குரலில், அதுவும் வாடகை கொடுக்கப் போகும்போது மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நான் வேலை பார்க்கிற ஸ்டோர்ஸில் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். வாடகைச் சட்டத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மதிய இடைவேளைகள் உட்கார்ந்து படித்தோம். மறக்காமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எந்தப் பழுதை யார் பார்ப்பது என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்தே சொல்லிவிடுகிறது. கட்டடத்தின் கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் போகிற மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சிங்க், சுவிட்ச், பிளக் பாயின்ட், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை குடியிருக்கிறவர் பொறுப்பு. நான்கு வருஷமாக வாஷரும் சுவிட்சும் நாங்கள்தான் மாற்றினோம். எங்கள் பங்கை ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்று தெரிந்ததும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், 15-ஆவது பிரிவின்படி நாமே செய்து முடித்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிக்கிற தொகை அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அது 3,250 ரூபாய். கோபத்தில் வாடகையையே நிறுத்தினால் கதை மாறிவிடும். இரண்டு மாத பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்லி அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். "கழிக்கலாம், நிறுத்தக் கூடாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கோ" என்று அண்ணன் மூன்று முறை சொன்னார்.

வாடகை அதிகாரி என்று துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் இருப்பார், அவரிடம் போகலாம். கோபத்தில் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்படி விசாரணை முடிவதற்கு முன்பே அந்த அதிகாரி இடைக்கால உத்தரவு போட முடியும்.

எங்கள் கை தாழ்ந்திருப்பதும் இந்தச் சட்டத்தில்தான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியதையே காலி செய்யக் காரணமாக 21-ஆவது பிரிவு வைத்திருக்கிறது. எங்களிடம் இருப்பது 2020-இல் எழுதிய பதினொரு மாத முத்திரைத்தாள், அதன் பிறகு ஒன்றும் இல்லை. இந்தத் தெருவில் எந்த வீட்டைத் தட்டிக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். வீட்டுக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை அவர் செய்யாமல் விட, அதன் பாரம் குடியிருப்பவர் தலையில் விழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

வீட்டில் வாக்குவாதம். என் கணவர் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். "காலி பண்ணுன்னு சொல்லிட்டா எங்க போவ? நடு வருஷத்துல பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேர்ப்ப?"

அவர் பயம் எனக்கும் உண்டு. இந்த வீடு கிடைப்பதற்கு முன் பதினோரு வீடு பார்த்தோம். எந்த ஊர் என்று தொடங்கி என்ன ஆளுங்க என்று முடிகிற கேள்விகளுக்கு வாசலிலேயே நின்று பதில் சொன்னோம். கறி சமைப்பீர்களா என்று கேட்டு ஒருவர் கதவைச் சாத்தினார். சட்டத்தில் எத்தனை பிரிவு இருந்தாலும், அந்த வாசல்கள் நினைவுக்கு வந்தால் வாய் தானாக அடைத்துக்கொள்கிறது.

கடைசியில் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினேன். இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வாடகை வீட்டுப் பூஞ்சையைச் சுவாசித்துச் சுவாசித்து 2020 டிசம்பரில் இறந்துபோனான். அவன் அப்பா பல தடவை புகார் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு, பொதுக் குடியிருப்புகளில் ஓதத்தையும் பூஞ்சையையும் கெடு வைத்துச் சரி செய்ய வேண்டும் என்று 2023-இல் அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள், அவன் பெயரையே அதற்குச் சொல்கிறார்கள். இவர் படித்துவிட்டு மகள் தூங்குகிற பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எழுது. கையெழுத்து நான் போடறேன்" என்றார்.

ஒரு பக்கக் கடிதம். அதில் கோபம் ஒரு சொல்லிலும் வரக் கூடாது என்று நான்கு தடவை திருத்தினேன். என்னென்ன பழுது, எந்தத் தேதியில் சொன்னோம், கரண்ட் வேலைக்கு என்ன செலவாகும், பதினைந்து நாளில் செய்யாவிட்டால் நாங்கள் செய்து மாதம் 3,250 கழித்துக்கொள்வோம், புது ஒப்பந்தம் எழுதிச் சேர்ந்து பதிவு செய்யலாம் என்று எழுதினேன். சுவரில் எரியும் டெஸ்டர், கூரைக் கம்பி, மாடித் தண்ணீர் என்று மூன்று போட்டோ இணைத்தேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குத் தபால் அனுப்புவது மனசுக்கு என்னவோ போல இருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். வீட்டுக்காரர் கடிதத்தோடு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேர்ல சொன்னா கேக்க மாட்டேனாம்மா? தபால் போட்டு அசிங்கப்படுத்திட்டியே."

"நேர்ல ரெண்டு வருஷமா சொல்றேன் அண்ணா. வாங்க, நீங்களே பாருங்க" என்று டெஸ்டரைக் கையில் கொடுத்தேன். கழற்றிவிட்ட லைனை ஒரு நிமிஷம் போட்டு, அவரையே சுவரில் வைக்கச் சொன்னேன். எரிந்தது. அவர் கை சட்டென்று பின்வாங்கியது.

பிறகு உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷம் ஆலையில் உழைத்து, வந்த பணத்தில் கட்டிய வீடு. மகளின் கல்யாணக் கடன் இன்னும் முடியவில்லை. மாதம் இரண்டு வீட்டு வாடகைதான் வருமானம். மாடி முழுக்கத் தட்டோடு பெயர்த்துப் போடக் கொத்தனார் 38,000 கேட்கிறாராம். பொய் சொல்லவில்லை, கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அவருக்குப் பணமில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இல்லாமையை இத்தனை நாள் என் மகள் சுவர் ஓரத்தில் படுத்துச் சுமந்தாள் என்பதும் உண்மை. இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

கரண்ட் வேலையை நாங்கள் செய்து கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். மாடியைப் பொங்கலுக்குப் பிறகு என்றார். தேதி எழுதிக் கொடுங்கள் என்றேன். யோசித்து, கடிதத்தின் பின்பக்கத்திலேயே "பிப்ரவரிக்குள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது ஒப்பந்தத்துக்குப் பிடி கொடுக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வயர், பைப், எர்த் குழிக்குக் கரியும் உப்பும், கூலி எல்லாம் சேர்த்து 7,800. கடை பில்லையும் கூலிச் சீட்டையும் நகலெடுத்து ஒரு பிரதி வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். டிசம்பரில் 3,250, ஜனவரியில் 3,250, பிப்ரவரியில் 1,300 கழியும். டெஸ்டரைச் சுவர் முழுக்க வைத்துப் பார்த்தாயிற்று. எங்கேயும் எரியவில்லை.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல் கரை கடக்கிறது. மாடியில் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம், அதன் ஓரம் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடிக்கிறது. சமையலறையில் இரண்டு வாளி.

சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. குடியிருக்கவே முடியாத நிலையில் வீடு இருந்து, எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் மறுத்தால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். நல்ல வழிதான். ஆனால் வாளியை மாற்றி மாற்றி வைக்கிற ராத்திரியில் அதைப் படித்தால், எங்கே கிளம்புவது என்றுதான் தோன்றுகிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவே எனக்கு ஆறுதல். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை, சொல்லியும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்று அது சொல்கிறது. 142 வருஷமாக இருக்கிற உரிமை. என் அம்மாவும் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து முடித்தாள். அவளுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

எதிர் லைன் வீட்டிலிருந்து ஒடிசாத் தம்பிகள் இருவர் வந்தார்கள். ஒரு அறையில் ஆறு பேர். கக்கூஸ் குழாய் உடைந்து பதினெட்டு நாள். "அக்கா, நீங்க லெட்டர் எழுதி வேலை நடந்துச்சாமே" என்றார் பெரியவர், ரோலிங் மில்லில் கற்றுக்கொண்ட தமிழில்.

வாடகை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சம்பளத்திலேயே கான்ட்ராக்டர் பிடித்துக்கொள்கிறாராம். ரசீது கிடையாது. வேலையோடு சேர்த்து நிறுவனம் தருகிற இருப்பிடத்துக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது என்று படித்த நினைவு. இவர்களுடைய அறை அதில் சேருமா என்பதை ஸ்டோர்ஸ் அண்ணனிடம் கேட்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த இருப்பிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது என்பதை மட்டும் அவர்களிடம் சொன்னேன். மாவட்டத் தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம், வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் என்று முடிவு செய்தோம்.

தாளை எடுத்து, அனுப்புநர் என்று எழுதி ஆறு பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பெறுநர் என்று எழுதியதும் நின்றுவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. மூன்று வருஷமாக இருக்கிறார்கள், ஒரு நாளும் பார்த்ததில்லையாம்.

சின்னவர் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, லைன் வீட்டு மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கிற சர்வீஸ் நம்பரைக் குறித்து வர எதிர்ப்பக்கம் ஓடினார்.