சீமெந்தும் சுண்ணாம்பும்: மாத்தளையில் ஒரு வழக்கு

பழைய ஹோட்டல் ஒன்றின் அறைகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஒரேயொரு வரி பிழைத்துப்போனால் எத்தனை பேர் நட்டப்படுவார்கள் என்பதை மாத்தளை மாவட்ட நீதிமன்றத்தில் நான் நடத்திய ஒரு வழக்கில் கண்டேன். “உட்சுவர்கள் அனைத்துக்கும் சீமெந்துப் பூச்சு” என்பதுதான் அந்த வரி. அளவுப் பட்டியலின் நடுவில், தரை ஓடுகளுக்கும் குளியலறைக் குழாய்களுக்கும் இடையில் அது இருந்தது. கையொப்பமிட்ட எவரும் அதில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஹோட்டல், நக்கிள்ஸ் மலைப்பக்கத்தில் கோப்பிக் காலத்தில் கட்டிய ஒரு துரை பங்களா. 1869 இல் பரவிய இலைநோயால் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. மலைகளில் தேயிலையும் கொக்கோவும் வந்தன. 1880 இல் மாத்தளைக்கு ரயிலும் வந்தது. பங்களாவின் சுவர்கள் மட்டும் அப்படியே நின்றன. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் பிணைந்த, கையகலத்தைவிட எவ்வளவோ தடித்த சுவர்கள் அவை. அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் படை எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். அந்தப் பழமைக்காகவே வெளிநாட்டு விருந்தினர் பெரும் கட்டணம் கொடுத்து அங்கே தங்கினார்கள்.

என் கட்சிக்காரர் மாத்தளைப் பக்கத்து மேசன் பாஸ். தோட்ட லயத்தில் பிறந்து, கரண்டி பிடித்து, பிறகு சிறு ஒப்பந்தகாரராக உயர்ந்தவர். விருந்தினர் அறைகளைப் புதுப்பிக்கும் வேலையை அவர் எடுத்தார். பழைய பூச்சை உதிர்த்து, சீமெந்து பூசி, பிளாஸ்டிக் கலந்த வர்ணம் அடித்து, குளிரூட்டிகள் பொருத்தி அறைகளை ஒப்படைத்தார். வடகீழ்ப் பருவமழை வந்தது. சுவரின் அடிப்பகுதியில் வர்ணம் கொப்புளித்தது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. ஹோட்டல் நிர்வாகம் இறுதிப் பட்டியலையும் பிடித்துவைத்த தொகையையும் தர மறுத்ததோடு, அறைகள் மூடிக்கிடந்த நாட்களுக்கு நட்டஈடும் கேட்டது.

பாஸ் என்னிடம் வந்தபோது நான் முதலில் பார்த்தது காலத்தைத்தான். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடமும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடமும் தருகிறது. ஆனால் செய்த வேலைக்கும் கைவினைஞர் கூலிக்கும் ஒரு வருடம் மட்டுமே. அந்த ஒரு வருடத்தில் எத்தனையோ பாஸ்மாரின் உழைப்பு காற்றோடு போயிருக்கிறது. ‘நாளைக்குத் தருகிறோம்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பார்கள். வருடம் முடிந்த மறுநாள் கதவு சாத்தப்படும். எங்கள் நல்ல காலம், பிரதான வேலைக்குக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இருந்தது. அதற்கு வெளியே வாய்ப்பேச்சில் செய்த மேலதிக வேலைகளுக்கு அந்த ஒரு வருடம் முடியுமுன் வழக்குத் தாக்கல் செய்தோம்.

வழக்கின் சாரம் இதுதான். ஹோட்டல் தரப்பு சொன்னது: “நீ அனுபவசாலி. பொருத்தமில்லாத வேலை என்று தெரிந்திருக்க வேண்டும். கெட்டுப்போன வேலைக்குக் கூலி இல்லை.” ரோம டச்சுச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஒரு வேலையை ஏற்பவர் அதற்குரிய திறமை தன்னிடம் இருப்பதாக வாக்களிக்கிறார். திறமைக் குறைவும் கவனக்குறைவாகவே கணக்கில் வரும். ஆனால் வேலை கொடுப்பவரே பொருளையும் முறையையும் தீர்மானித்து, எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் அதையே செய்யச் சொன்னால் அந்தப் பிழை யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை சுவரில் இருந்தது.

சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். நிலத்திலிருந்து மேலேறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியேறும். இறுக்கமான சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. உள்ளே சிக்கிய ஈரம் உப்பைச் சுமந்து பூச்சின் பின்புறம் வந்து உறைகிறது. உப்பு பளிங்காகும்போது பருத்துப் பூச்சைத் தள்ளுகிறது. சீமெந்து பழைய செங்கல்லைவிடக் கடினமானது. சுவர் சற்று அசைந்தாலும் அது சேர்ந்து அசையாமல் பிளக்கும். குளிரூட்டி நாள் முழுவதும் ஓடும் அறையில், வெளியிலிருந்து நுழையும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகவும் மாறும். இதையெல்லாம் பாஸ் சாட்சிக் கூண்டில் ஒரே வசனத்தில் சொன்னார்: “காய்ச்சல்காரனுக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்ட மாதிரி சேர், உள்ளுக்குள்ளேயே வேர்த்து நனைஞ்சிருச்சு.”

அவர் எச்சரித்தார் என்பதை நிரூபிப்பதுதான் கடினம். அவரிடம் கடிதம் எதுவும் இல்லை. மகனின் கைத்தொலைபேசியில் தகவல்கள் இருந்தன. “அந்தச் சுவருக்கு சீமெந்து வேணாம், சுண்ணாம்புதான் சரி, ஒரு அறையில பூசிப் பார்ப்போம்” என்று பாஸ் தமிழில் சொல்ல, மகன் அதைச் சிங்களத்தில் எழுதித் தள மேற்பார்வையாளருக்கு அனுப்பியிருந்தான். திறப்புத் திகதி நெருங்குகிறது, பட்டியலில் உள்ளபடி செய்யுங்கள் என்று பதில் வந்திருந்தது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இத்தகைய தகவல்களைச் சான்றாக ஏற்க வழி செய்கிறது. எதிர்த்தரப்பு அவற்றைக் கடுமையாக ஆட்சேபித்தது. ஆனால் அந்தப் பதில் தங்களுடையதல்ல என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

மாத்தளை நீதிமன்றத்தின் நடவடிக்கை மொழி சிங்களம். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தமிழில் சாட்சியம் சொல்லவும் மொழிபெயர்ப்பாளரைப் பெறவும் உரிமை தருகிறது. பாஸுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனாலும் தமிழிலேயே சொல்லும்படி நான் வற்புறுத்தினேன். தொழில் நுணுக்கத்தை அவர் கற்றது தமிழில். குறுக்கு விசாரணையில் ஒரு சொல் வழுக்கினாலும் கூலி வழுக்கிவிடும்.

நீதிமன்றம் நியமித்த ஆணையாளர் ஒரு பொறியியலாளர். அவர் அறைகளுக்குப் போய்ப் பூச்சைப் பல உயரங்களில் வெட்டிப் பார்த்தார். கீழே ஈரமும் உப்பும், மேலே போகப்போக உலர்வு. பூச்சின் கலவையிலோ தடிப்பிலோ குறை இல்லை. பழுதுபார்க்காமல் விட்டிருந்த ஒரு களஞ்சிய அறையில் பழைய சுண்ணாம்புப் பூச்சு மழைக்காலத்திலும் உறுதியாக நின்றது. அந்த அறிக்கை வந்ததும் வழக்கின் திசை மாறியது. வெனிஸில் 1964 இல் வகுத்த பாதுகாப்புச் சாசனத்தை நான் எடுத்துக்காட்டினேன். பழைய முறை போதாதென்று தெரிந்தால்தான் புதிய முறைக்குப் போகலாம் என்கிறது அது. நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல அது. ஆனாலும் நல்ல தொழில்முறை எது என்பதற்கு அளவுகோல்.

கடைசியில் இணக்கத்துக்கு வந்தார்கள். இறுதிப் பட்டியலில் பெரும்பகுதியும் பிடித்துவைத்த தொகை முழுவதும் பாஸுக்குக் கிடைத்தன. மேலதிக வேலையில் ஒரு பகுதியை அவர் விட்டுக்கொடுத்தார். ஹோட்டல் தன் நட்டஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அறைகளைச் சுண்ணாம்பில் மீண்டும் பூசும் வேலையை, இம்முறை நியாயமான விலைக்கு, அவருக்கே கொடுத்தது. தீர்ப்பு வந்திருந்தால் சட்ட அறிக்கைகளில் ஒரு முன்னுதாரணம் கிடைத்திருக்கும். ஆனால் வேலையாட்களுக்குக் கூலி பாக்கி வைத்து நின்ற மனிதருக்கு முன்னுதாரணத்தைவிடப் பணம் அவசரம்.

மாத்தளை மாவட்டத்தில் ஹோட்டல் பற்றிய பெரிய விவாதம் என்றால் கண்டலமதான் பலருக்கும் நினைவில் வரும். ஜெஃப்ரி பாவா வரைந்த அந்த ஹோட்டலை எதிர்த்து 1992 இல் பிக்குமாரும் சூழலியலாளரும் போராடினார்கள். 1994 இல் அது திறந்தது. புதிதாகக் கட்டுவதை எதிர்த்து ஊரே திரண்டது. இருப்பதைப் புதுப்பிப்பதை எவரும் கவனிப்பதில்லை. சட்டமும் அப்படியே. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முந்திய கட்டடங்களைப் பண்டைய நினைவுச்சின்னமாகக் கொள்கிறது. அதற்குப் பிந்தியவற்றில் நூறு வருடமேனும் பழமையானவற்றை அமைச்சர் கட்டளை மூலம் பாதுகாக்கலாம். அந்தக் கட்டளை இல்லாதவரை, கோப்பிக் காலத்துப் பங்களாவின் சுவரை உரிமையாளர் எதைக்கொண்டும் மெழுகலாம்.

சட்டம் தராத பாதுகாப்பை ஒப்பந்தம் தரலாம். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் எவரும் விலை கேட்கும் முன் சுவரின் சாந்தைச் சோதிக்க வேண்டும். தொடக்கூடாதவை எவை என்று அறைக்கு அறை எழுத வேண்டும். ஒரு மாதிரி அறையை முடித்து, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். ஒப்பந்தகாரரின் எச்சரிக்கைக்கு ஏழு நாளில் எழுத்தில் பதில் தரும் கடமையை ஹோட்டல் ஏற்க வேண்டும். மேலதிக வேலை எதுவானாலும் அன்றே ஒரு தாளில் கையொப்பம் வேண்டும்.

பாஸ்மாருக்கும் ஒன்று சொல்வேன். சுவரைத் தொட்டுப் பார்த்து உங்களுக்குத் தெரிவதை எந்த வரைபடமும் சொல்லாது. அதை வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். திகதியிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நூற்றாண்டைத் தாண்டிய சுவரையும் ஒரு வருடத்தில் செத்துப்போகும் உங்கள் கூலியையும் ஒருசேரக் காப்பாற்றக்கூடியது அந்த ஒரு தாள்தான்.