தொடுத்த மல்லியும் பிரித்த இயந்திரமும்

போன மாதம் ஒரு நாள் காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த தெருப் பையன் வந்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லி அவனுக்கு வருகிறது.

"சார், வெளிநாட்டுக்குப் பூ அனுப்பலாம்னு இருக்கேன். உதிரிப் பூவுக்கு ஒரு நம்பர் இருக்காம். கட்டின சரத்துக்கு வேற நம்பர்ங்கறான் ஒரு ஏஜென்ட். இல்லைங்கறான் இன்னொருத்தன். நீங்க கஸ்டம்ஸ்லதானே இருந்தீங்க?"

இருந்தேன். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. புதுப் பூவும் மொட்டும் 06.03 என்ற தலைப்பில் வரும். அந்த ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. பூங்கொத்து, பூக்கூடை, மாலை போன்றவையும் அதே தலைப்புதான். அவற்றில் சேர்த்திருக்கும் வேறு பொருட்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று. ஆகவே உதிரியும் சரமும் ஒன்றே. வாழை நார் கணக்கில்லை.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: "மல்லிகைப்பூ தொடுக்கிற நாருக்குக் கணக்கில்லைன்னு சொல்ல வெளிநாட்டுல ஒரு ஆபீஸா?"

ஆமாம், பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருக்கிறது. உலக சுங்க அமைப்பு என்று இப்போது பெயர். ஆரம்பத்தில் சுங்க ஒத்துழைப்புக் கழகம் என்றார்கள். 17 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அதன் முதல் கூட்டத்தை நடத்தியது 1953 ஜனவரி 26. அதனால் நமக்குக் குடியரசு தினமாக இருக்கும் நாள் உலகமெங்கும் சுங்க தினம். (கொடியேற்றி மிட்டாய் வாங்கிய கையோடு ஆபீசில் இன்னொரு விழாவுக்கும் உட்கார வேண்டும்.) இந்தியா 1971-இல் சேர்ந்தது. அவர்கள் தயாரித்த பொருள் அட்டவணையை ஒட்டி நம் சுங்க அட்டவணை 1986-இல் மாற்றி எழுதப்பட்டது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் முதல் ஆறு இலக்கம் ஒன்றே. மதுரை மல்லிக்கு நாம் போடுகிற ஆறு இலக்கத்தைத்தான் சிங்கப்பூர் அதிகாரியும் பார்க்கிறார்.

இதெல்லாம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது என்று நினைக்க வேண்டாம்.

1988-இல் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். திருமங்கலத்து அச்சகக்காரர் ஒருவர் பழைய அச்சு இயந்திரம் ஒன்றை இறக்குமதி செய்திருந்தார். முழுதாக ஏற்ற முடியாது என்று பிரித்து ஏழு பெட்டிகளில் வந்திருந்தது. பெட்டிகளைத் திறந்தால் உருளைகள், பல்சக்கரங்கள், இரும்புச் சட்டங்கள். லைசென்ஸில் "இயந்திரம்" என்று இருக்கிறது, வந்திருப்பதோ பாகங்கள் என்று நான் ஆட்சேபம் எழுதினேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக நினைப்பு.

22 நாள் சரக்கு ஷெட்டில் கிடந்தது. டெமரேஜ் ஏறிக்கொண்டே போனது. அச்சகக்காரர் ஒரு மஞ்சள் பையுடன் காலை பஸ்ஸில் வருவார், வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், மாலை பஸ்ஸில் போவார். ஒரு தடவைகூடச் சத்தம் போட்டதில்லை. மனைவியின் நகையை வைத்துத்தான் டெமரேஜ் கட்டினார் என்று க்ளியரிங் ஏஜென்ட் பிறகு சொன்னார்.

இருபத்திரண்டாம் நாள், பக்கத்து அறை சீனியர் தற்செயலாக ஃபைலைப் பார்த்தார். அட்டவணையின் பொருள்கோள் விதி 2(அ)வைப் பிரித்துக் காட்டினார். பூட்டாமல் பிரித்து வந்த பொருளையும் முழுப் பொருளாகவே வகைப்படுத்த வேண்டும். அவ்வளவுதான், அரைப் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பே இதே மாதிரி ஒரு கேஸை அவர் முடித்திருக்கிறார்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"நீ கேக்கலையேப்பா" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. கேட்டால் மணிக்கணக்கில் சொல்லுவார். ஆனால் அந்தக் காலத்தில் தெரிந்ததை வலியப் போய்ச் சொல்லும் வழக்கம் கிடையாது. தெரிந்ததைச் சொல்லிவிட்டால் நம்மை யார் தேடி வருவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. அதோடு, கேட்டால் மதிப்புக் குறையும் என்ற நினைப்பும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அச்சகக்காரர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சீனியரிடம் பிரவுன் அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று இருந்தது. முப்பது வருட முடிவுகள், பொருள்வாரியாக, சிவப்பு மையில். அவர் காலமான பிறகு துக்கம் விசாரிக்கப் போனபோது மகனிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பா பேப்பரெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாச்சே அங்கிள்" என்றார். அவர் மேல் என்ன தப்பு? அது என்ன நோட்டு என்று அவருக்கு யார் சொன்னது?

ஓய்வுக்குப் பிறகுதான் சர்வதேச சுங்கப் பல்கலைக்கழக வலையமைப்பு என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. 2006-இல் தொடங்கியது, லாப நோக்கம் இல்லாதது. பல நாட்டுப் பேராசிரியர்களையும் சுங்க அதிகாரிகளையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. 2007 முதல் வேர்ல்ட் கஸ்டம்ஸ் ஜர்னல் என்று ஒரு இதழ், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். சில கட்டுரைகள் எனக்கு எட்டவில்லை, பேராசிரியர் நடை. ஆனால் சில, நம் ஆபீசில் டீ குடிக்கும்போது பேசிய அதே விஷயங்கள். முகம் தெரியாத ஒருவர் தனக்குத் தெரிந்ததை வலிய வந்து சொல்கிறாரே என்று இருந்தது.

நானும் ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஞாபகமிருக்கும் கேஸ்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். முதல் பக்கம் அச்சு இயந்திரம், மேலே "22 நாள்" என்று போட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமான தெரிந்த பையன் ஞாயிறு தோறும் வந்து செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறான். போன வாரம் மல்லிச்சரம் எழுதினேன். வருகிற ஞாயிறு மேலூர் கிரானைட். செவ்வகமாக அறுத்ததோடு நின்றால் 25-ஆம் அத்தியாயம், பாலிஷ் போட்டால் 68. அதற்கு நாலு பக்கமாவது பிடிக்கும்.