கண்ணாடி சொல்லாததை செல்போன் சொல்லும்!

ஜிம்முக்குப் போகிற பாஸ்... போன வாரம் ஸ்குவாட்டில் எத்தனை கிலோ, எத்தனை தடவை போட்டீங்க? 'சுமாரா...' என்று இழுத்தால், இது உங்களுக்குத்தான்!

ஹாஸ்டலில் எனக்குப் பட்டப்பெயரே 'ஒட்டடைக்குச்சி'. ஜிம்மில் சேர்ந்து மூணு மாசமாகியும் கண்ணாடியில் அதே குச்சிதான். 'விட்டுடலாமா?' என்றுகூடத் தோணுச்சு. அப்போதான் போனில் குறித்துவைத்த பழைய கணக்கைப் பார்த்தேன். முதல் நாள், வெறும் 20 கிலோ ராடு மட்டும், 5 தடவை. அந்த வாரம், 45 கிலோ, 8 தடவை. அப்புறம் எங்கே விடுறது!

மேஜிக் எல்லாம் இல்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் தசைக்குப் பலம் ஏறும். 1940-களில் தாமஸ் டிலார்ம் என்கிற அமெரிக்க ராணுவ டாக்டர், காயம்பட்ட வீரர்களைத் தேற்றியதும் இந்த வழியில்தான். சரி, கூட்டணும்னா போன தடவை எவ்வளவுன்னு தெரியணுமே? ஞாபகத்தை நம்பாதீங்க. ஒவ்வொரு செட் முடிந்ததும் ஆப்பில் குறிச்சுடுங்க.

ஒரு விஷயத்தில் உஷார்! 'உங்களால் ஒரே தடவையில் அதிகபட்சம் இவ்வளவு தூக்க முடியும்' என்று சில ஆப்கள் கணக்குப் போட்டுச் சொல்லும். 60 கிலோவை 10 தடவை தூக்கினால், எப்லி சூத்திரப்படி 80 கிலோ. அது உத்தேசம்தான், உத்தரவு இல்லை! நைட் பூரா நீங்க ரெக்கார்ட் எழுதியதும், மெஸ்ஸில் சாப்பிடாமல் வந்ததும் ஆப்புக்குத் தெரியாது. பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் அந்த 80-ஐத் தொடாதீங்க.

பக்கத்து ரூம் பையன் எவ்வளவு தூக்கினால் நமக்கென்ன? நீங்க ஜெயிக்க வேண்டியது, போன வாரத்து உங்களைத்தான்!