நாசிக்கின் திராட்சைக் கொடிகள்

நாசிக்குக்குச் செல்லும் நம்மவர் கோதாவரியில் நீராடி, திரியம்பகேசுவரரைத் தரிசித்து, மாலை வண்டியில் மும்பைக்குத் திரும்பிவிடுவது வழக்கம். இம்முறை நாங்கள் கங்காபூர் அணைப் பக்கமும் சென்று, அங்குள்ள திராட்சைத் தோட்டங்களைக் கண்டுவந்தோம்.

மும்பையிலிருந்து செல்லும் இருப்புப்பாதை, கசாராவுக்கும் இகத்புரிக்கும் இடையே தால் கணவாயில் 37 அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது. பல வண்டிகளுக்குப் பின்னாலிருந்து தள்ளுவதற்கென்றே கசாராவில் தனி எஞ்சின்கள் பூட்டப்படும். ஏறிவந்த அந்த உயரமே இத்தோட்டங்களுக்குச் செல்வம். கடல் மட்டத்திற்குச் சுமார் 600 மீட்டர் மேலுள்ள இவ்வூரில், குளிர்கால இரவுகள் பழத்தின் புளிப்பை அழியாமல் காக்கின்றன. மழையில் பழம் கனியாதிருக்கும்படி ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்கின்றனர். ஒயினுக்கான அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடைபெறும்.

இங்கே ஒயின் தொழிலுக்குப் பெயர் தேடித் தந்தவர்களுள் முக்கியமானவர் ராஜீவ் சாமந்த். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1990களில் அவ்வேலையைத் துறந்து, குடும்பத்தாரின் சுமார் 20 ஏக்கர் நிலத்திற்கு வந்தார். மா வைத்தார்; ரோஜா வைத்தார்; உண்ணும் திராட்சையும் வைத்தார். பின்னர் கெர்ரி டாம்ஸ்கி என்னும் கலிபோர்னிய ஒயின் வல்லுநரின் துணையோடு, பிரெஞ்சு நாட்டின் செனின் பிளாங்க், சோவிஞான் பிளாங்க் கொடிகளை நட்டார். 2000ஆம் ஆண்டில் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது. தாயார் சுலபாவின் பெயரையொட்டித் தோட்டத்திற்குச் 'சூலா' என்று பெயரிட்டார்.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் நொதிக்க விடுவது வழக்கம். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் அடியில் மண்டியாய்ப் படியும். உடனே இறுத்துவிட்டால் ஒயின் தெளிந்து இலேசாயிருக்கும். மண்டியோடு சில மாதம் வைத்து அவ்வப்போது கலக்கிவிட்டால், நாவில் ஒரு கனமும் வழவழப்பும் தோன்றும். நம் வீட்டு ரசத்தை எண்ணிப் பாருங்கள்: மேலாக எடுத்த தெளிவு ஒரு சுவை, அடிவரை கலக்கி ஊற்றியது வேறொரு சுவை. நாங்கள் அருந்திய செனின் பிளாங்க் முதலில் மெல்லிய இனிப்பாகவும், முடிவில் இதமான புளிப்பாகவும் இருந்தது. கொய்யாவின் மணமும் அதிலே கண்டோம்.

மதுவைப் புகழ்வதற்காக இதனை எழுதவில்லை. குடியினால் குலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். எங்கள் உள்ளத்தில் தங்கியது நிலத்தைப் பற்றிய எண்ணமே. பிழைப்பு நாடி வந்த நம்மில் பலருக்கும் ஊரில் ஒரு துண்டு நிலம் உண்டு. அதனைத் தரிசாய் விட்டிருக்கிறோம். அல்லது விற்க விலை பேசிக்கொண்டிருக்கிறோம். சாமந்துக்கு இருந்த கல்வியும் வசதியும் நம் எல்லோருக்கும் வாய்த்தவையல்ல. ஆயினும், ஒன்று பலிக்காவிடில் மற்றொன்று என்று, அந்த மண் எதனை விரும்புகிறது என்பதை அவர் பல ஆண்டு பொறுத்திருந்து கண்டறிந்தார். அப்பொறுமைக்குப் பட்டம் வேண்டுவதில்லை. நம் நிலத்தை விலை பேசுமுன், அதனிடம் நாம் என்றேனும் அப்படிக் கேட்டதுண்டா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.