மோட்டார் காத்து குடிச்ச நாள்

டயாலிசிஸ் பத்தி எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கிரியாட்டினின், சாப்பாடு, மாற்று சிறுநீரகம் எல்லாம் இன்னொரு நாள். இன்னைக்கு யாருமே கேட்காத ஒண்ணு: தண்ணி. நீளமான த்ரெட். நான் தப்பு பண்ணின கதையும் இதுல இருக்கு.

முதல்ல ஒரு கணக்கு. டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் ஒரு பக்கம் ஓடும், மெல்லிய சவ்வுக்கு மறுபக்கம் டயாலிசிஸ் திரவம் ஓடும். நிமிடத்துக்கு சுமார் 500 மில்லி. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூணு தடவைன்னா 360 லிட்டர். நீங்களும் நானும் வாரத்துக்குக் குடிக்கிறது பதினஞ்சு, இருபது லிட்டர் இருக்கும். அதையும் குடல் பார்த்துப் பார்த்துதான் உள்ளே விடும், மிச்சத்தை சிறுநீரகம் வெளியே தள்ளும். இவங்களுக்கு அந்த ரெண்டு காவலும் கிடையாது. தண்ணியில் இருக்கிற சின்னச் சின்ன மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி நேரா ரத்தத்துக்குப் போயிடும்.

அதனாலதான் ஒவ்வொரு டயாலிசிஸ் யூனிட்டுக்குப் பின்னாலும் ஒரு ஆர்.ஓ. ரூம் இருக்கும். தொட்டியில் இருந்து வர்ற தண்ணி முதல்ல ஒரு சல்லடை வழியா மோட்டாருக்குப் போகும். இதை ஸ்ட்ரெய்னர்னு சொல்லுவோம், உள்ளங்கை அளவு கம்பி வலைதான். அப்புறம் மணல் ஃபில்டர், கரி ஃபில்டர், உப்பைப் போட்டு கடினத்தன்மையை எடுக்கிற சாஃப்ட்னர், அஞ்சு மைக்ரான் கேட்ரிட்ஜ். கடைசியாத்தான் ஆர்.ஓ. சவ்வு. லட்சக்கணக்கில் விலை போற சாமான் எல்லாம் அந்தப் பக்கம். சில நூறு ரூபாய் வலை இந்தப் பக்கம். யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க. நானும் பார்த்ததில்லை.

இப்ப கதை. காஞ்சிபுரம் வர்றதுக்கு முன்னாடி ஒரு கடலோர ஊரில் வேலை. எந்த ஊர்னு கேட்காதீங்க. நான் வெறும் எம்பிபிஎஸ், டயாலிசிஸ் டியூட்டிக்குப் பயிற்சி கொடுத்துப் போட்டிருந்தாங்க. கோடைக்காலம். ஆஸ்பத்திரி போர் வத்தி, பத்து நாளா லாரித் தண்ணி. ஒரு பெரியவர் மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வருவார். முப்பது வருஷம் விசைப்படகு டிரைவர். நாலு மணி நேரமும் ஆர்.ஓ. ரூம் கதவுக்குப் பக்கத்து பெஞ்சில்தான் உட்காருவார், அங்கேதான் நிழல்.

ரெண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் தட்டினார்.

"டாக்டரம்மா, உங்க மோட்டாரு காத்து குடிக்குது."

"மெஷின்ல எதுவும் அலாரம் வரலையே ஐயா."

"மெஷின் எனக்குத் தெரியாது. கூழாங்கல்லை உருட்டுற மாதிரி சத்தம் வருது பாருங்க. படகா இருந்தா இந்நேரம் எஞ்சினை நிறுத்தியிருப்பேன்."

டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்றேன்னு சொல்லிட்டு அடுத்த பேஷண்ட்டுக்கு பிபி பார்க்கப் போயிட்டேன். டெக்னீஷியன் அன்னைக்கு லேபையும் சேர்த்துப் பார்த்துட்டு இருந்தார். இருபது நிமிஷத்தில் ஆர்.ஓ. தானா நின்னுடுச்சு. தண்ணி அழுத்தம் இல்லைன்னா சவ்வையும் பம்பையும் காப்பாத்த அப்படி நிக்கும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிச்சது. தண்ணி இல்லைன்னா மெஷின் ரத்தத்தைச் சுத்த விடும், ஆனா சுத்திகரிப்பு நடக்காது.

ஸ்ட்ரெய்னரைத் திறந்தப்போ பெரியவரும் பக்கத்தில் நின்னார். வலையே தெரியல. லாரித் தொட்டிப் பாசி, தேங்காய் நார், கேரி பேக் துணுக்கு, துரு. கையில் எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சொறி இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்." சொறின்னா ஜெல்லி மீன். படகு எஞ்சினைக் குளிர வைக்கக் கடல் தண்ணியைத்தான் உள்ளே இழுப்பாங்க. கடல் தண்ணி வால்வு, வலை, பம்ப், அப்புறம் எஞ்சின் சூட்டை வாங்குற குழாய். சொறி சீசனில் ஒரே நாளில் வலை அடைச்சுக்குமாம். அடைச்சா பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் இறக்கை தண்ணி இல்லாம தேய்ஞ்சு கிழியும், எஞ்சின் கொதிக்கும். நடுக்கடலில்.

அவர் சொல்லச் சொல்ல நாங்க செஞ்சோம். மோட்டாரை நிறுத்தணும். ரெண்டு பக்க வால்வையும் மூடணும் (படகில் இதை மறந்தா மூடியைத் திறந்ததும் கடலே உள்ளே வரும்). வலையை வெளியில் எடுத்து, தண்ணி வர்ற திசைக்கு எதிர்த்திசையில் பீய்ச்சிக் கழுவணும், பிரஷ்ஷால் தேய்க்கணும். மூடியோட ரப்பர் வளையம் வெடிச்சிருக்கான்னு விரலால் தடவிப் பார்க்கணும், ஏன்னா அது வழியாவும் காத்து இழுக்கும். திரும்பப் போட்டு, காத்தை வெளியேத்தி, ஓட விட்டு, கசியுதான்னு பார்க்கணும். கடைசியா வலையை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுக் காட்டினார். "அடைச்ச வலை சத்தம் போட்டுச் சொல்லிடும் டாக்டரம்மா. கிழிஞ்ச வலை ஒண்ணும் சொல்லாது. அழுத்தம் ஜோரா காட்டும்." இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லல.

எல்லாம் சரியாகி ஓட ஒன்றரை மணி நேரம். நாலு பேருக்குப் பாதியில் முடிச்சு அனுப்பினோம். அதில் ஒருத்தர் ராத்திரி மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கு வந்தார், நுரையீரலில் நீர். ஆக்சிஜன் வச்சு, உடனே திரும்ப டயாலிசிஸ் போட்டு, விடியறப்போ சமாளிச்சுட்டோம். அவர் மனைவி என்கிட்ட நன்றி சொன்னாங்க. அந்த நன்றியை எங்கே வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

ஏன்னா அன்னைக்கு ராத்திரி ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். "ஸ்ட்ரெய்னர் சுத்தம்" என்ற கட்டத்தில் வாராவாரம் ஒரே பேனா, ஒரே டிக். அழுத்தம் எல்லா நாளும் ஒரே எண். கீழே மருத்துவர் கையெழுத்து. என்னுது. டெக்னீஷியனைத் திட்ட எனக்கு வாய் வரல. ஒரு ஆளை ரெண்டு ஆள் வேலைக்கு வச்சா டிக்தான் வரும். எனக்கு அந்தச் சாக்கும் இல்ல.

எங்களுக்கு வந்தது வெறும் அடைப்பு. வடிகட்ட வேண்டியது வடிகட்டாம உள்ளே போனா என்ன ஆகும்? 1996 பிப்ரவரி, பிரேசிலில் கருவாரு நகரம். ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் வந்த ஏரித் தண்ணி சரியா சுத்திகரிக்கப்படல. நீலப்பச்சைப் பாசியோட விஷம் அதில் இருந்தது. 131 பேரில் 116 பேருக்குப் பார்வை மங்கல், வாந்தி. 100 பேருக்குக் கல்லீரல் செயலிழப்பு. அந்த விஷத்தால் இறந்தவங்க 52 பேர். கரி ஃபில்டர் தீர்ந்துபோனா குளோரமின் உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனாலதான் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னாடி குளோரின் பார்க்கணும். சாஃப்ட்னரில் உப்பு தீர்ந்தா கால்சியம் ஏறி வாந்தி, தலைவலி, பிபி.

இந்தக் கடைசி விஷயத்தைக் காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே என் பேஷண்ட் ஒருத்தர் சாயப்பட்டறைக்காரர். கோரா பட்டை சோப்புத் தண்ணியில் வேக வச்சுப் பசை எடுத்துத்தான் சாயம் போடுவாங்க. தண்ணியில் கடினம் இருந்தா சோப்பு திரிஞ்சு நூலில் ஒட்டும், சாயம் திட்டுத் திட்டாப் பிடிக்கும். சாஃப்ட்னரைப் பத்தி ஆரம்பிச்சதுமே, "புரியுதும்மா, கெட்ட தண்ணியில வெந்த நூல் மாதிரி"ன்னார். எங்க நர்ஸுங்களுக்கு இப்ப நான் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

வீட்டில் யாராவது டயாலிசிஸ் போறாங்கன்னா ஒண்ணு கேளுங்க: "தண்ணி டெஸ்ட் எப்ப எடுத்தாங்க, ரிப்போர்ட் பார்க்கலாமா?" கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. கோபப்பட்டா என் பேரைச் சொல்லாதீங்க 😄. வீட்டு ஆர்.ஓ.வுக்கு வெளியே தொங்குற வெள்ளை ஃபில்டர் பழுப்பாயிட்டா, சர்வீஸ் தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க. லாரித் தண்ணி இறக்கின வாரம் அதை ஒருமுறை பார்த்துடுங்க.

திங்கட்கிழமை காலையில் முதல் ஷிஃப்டுக்கு முன்னாடி நானே வலையைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்ப்பேன். எண்ணை நானே மீட்டரில் படிச்சு, என் கையாலயே எழுதுவேன். சாயப்பட்டறைக்காரர் முதல் ஆளா வந்து வாசலில் நிப்பார். பிபி பார்க்கிறதுக்கு முன்னாடியே கேட்பார்: "இன்னிக்கு தண்ணி எப்படிம்மா இருக்கு?"

போன வாரம் வலையில் ஒரு ஓரம் கம்பி விட்டிருந்தது. மாத்திட்டோம். அதையும் அவர்கிட்ட சொன்னேன்.